இரைச்சல் எது என்று யார் சொல்வது?

எங்கள் குழுவில் சில ஆண்டுகளாக ஒரு வேலை மெல்ல நடந்து வருகிறது. இலக்கியக் கூட்டங்களில் பதிவான பழைய ஒலிநாடாக்களைத் தேடிச் சேகரித்துக் கணினிக்கு மாற்றும் வேலை. நாடாக்கள் பெரும்பாலும் எண்பதுகளைச் சேர்ந்தவை. பரணிலும் தகரப் பெட்டியிலும் கிடந்தவை. சிலவற்றில் பூஞ்சை படர்ந்திருக்கும். சிலவற்றில் ஒரு பக்கம் முழுக்க யாரோ சினிமாப் பாட்டை ஏற்றியிருப்பார்கள். பத்து நாடா கைக்கு வந்தால் மூன்று தேறும்.

அப்படித் தேறிய ஒன்றில், இன்று நம்மிடையே இல்லாத ஓர் எழுத்தாளர் நாற்பது நிமிடம் பேசியிருக்கிறார். சிறுநகரம் ஒன்றில், பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்த கூட்டம். தலைக்கு மேலே மின்விசிறி. அந்தப் பதிவில் எழுத்தாளரைவிட மின்விசிறியே அதிகம் பேசியிருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. நண்பர் ஒருவர் அதை இலவசமாகக் கிடைக்கும் ஓர் ஒலித்திருத்த மென்பொருளில் ஏற்றி, இரைச்சல் நீக்கும் பொத்தானை அழுத்தி, வந்த கோப்பை எல்லோருக்கும் அனுப்பினார். வியந்துபோனோம். மின்விசிறி போன இடம் தெரியவில்லை. முப்பது ஆண்டுத் தூசியைத் துடைத்தெடுத்த சித்திரம்போலக் குரல் துலக்கமாக வந்து நின்றது.

இன்னொரு நண்பர் அதைக் கேட்டு எழுத்தில் வடித்தார். உரையின் ஒரு கட்டத்தில் எழுத்தாளர் தம் இளமையில் ஒரு நண்பர் தமக்குச் செய்த துரோகத்தைச் சொல்லிவருகிறார். “இத்தனை வருஷம் ஆயிடுச்சு. அவனை நான் மன்னிக்க” என்ற இடத்தில் குரல் நின்றுவிடுகிறது. மூன்று நொடி அமைதி. பிறகு பேச்சு வேறெங்கோ போகிறது. எழுத்தில் வடித்த நண்பர் அந்த இடத்தில் மூன்று புள்ளிகள் வைத்தார். எங்களில் ஒருவர் அந்த மூன்று புள்ளிகளைச் சிலாகித்து ஒரு பத்தியே எழுதிவிட்டார். சொல்லாமல் விட்டதன் நயம், கேட்பவனிடம் விடப்பட்ட இடைவெளி, இத்யாதி.

அந்தக் கூட்டத்துக்கு நேரில் போயிருந்த பெரியவர் ஒருவரிடம் பின்னர் இந்தக் கோப்பைப் போட்டுக் காட்டினோம். கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். “குரல் அவரோடதுதான். ஆனா அவர் இப்படிப் பேசமாட்டார்” என்றார். எங்கே பிசகு என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. மூல நாடாவின் பதிவை மறுபடி எடுத்து, காதில் ஒலிக்கருவியைப் பொருத்திக்கொண்டு, அந்த இடத்தைப் பத்து முறை கேட்டோம். மின்விசிறிக்கு அடியில், பாதி மூச்சும் பாதிச் சொல்லுமாக, வாக்கியம் முடிந்தே இருந்தது. “மன்னிக்கவே இல்ல.”

தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. உண்டா இல்லையா என்பது அதற்கும் கடைசியில் வருகிறது. மனம் கனத்துப் பேசுகிறவனுக்குக் குரல் இறங்குவதும் அதே இடத்தில்தான். ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கச் சுமந்த ‘இல்லை’யை ஒரு மென்பொருள் மின்விசிறிக் கணக்கில் சேர்த்துக் கழித்துவிட்டது. நாங்கள் அதை இலக்கிய நயம் என்று பாராட்டிக்கொண்டிருந்தோம்.

*

இலக்கியம் பேசும் இடத்தில் மென்பொருளைப் பற்றி எதற்கு என்று கேட்கும் வாசகர்களுக்கு எங்கள் பதில் அந்த மூன்று புள்ளிகள்தாம். இனி நமக்கு முந்தைய தலைமுறையின் குரல் எதுவும் இத்தகைய கருவிகளின் வழியாக அல்லாமல் நம்மை வந்து சேரப்போவதில்லை. ஆகவே அக்கருவிகள் எப்படி வேலை செய்கின்றன, எவற்றைக்கொண்டு செய்யப்படுகின்றன என்பது பொறியாளர்களின் தனிக்கவலையாக இருக்க முடியாது.

நடந்தது இதுதான். ஒலி கணினிக்குள் நுழையும்போது எண்களின் வரிசையாகிறது. குறுந்தகட்டின் அளவுகோலில் ஒரு நொடிக்கு 44,100 எண்கள். எங்கள் நாற்பது நிமிட உரை பத்துக் கோடிக்கும் மேற்பட்ட எண்கள். இந்த எண்களைக் கூட்டியும் பெருக்கியும் ஒலியை மாற்றும் கலைக்கு டிஜிட்டல் சமிக்ஞைச் செயலாக்கம் என்று பெயர். பெயர்தான் அச்சுறுத்துகிறது, அடிப்படை எளியது. அடுத்தடுத்து வரும் இரண்டு எண்களைக் கூட்டி இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் ஒலியின் கூர்மை மழுங்கும். மிக வேகமாக மேலும் கீழும் துடிக்கும் அலையில் அடுத்தடுத்த எண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மெதுவாக அசையும் அலையில் அவை ஏறக்குறைய சமமாக இருப்பதால் தப்பிவிடும். ஒரு கூட்டல், ஒரு வகுத்தல். இது ஒரு வடிகட்டி. உலகிலுள்ள ஒலி வடிகட்டிகள் பலவும் இந்தக் குழந்தையின் வளர்ந்த பிள்ளைகள்.

இரைச்சல் நீக்கும் கருவி இன்னும் சற்றுச் சாமர்த்தியமானது. அது ஒலியைச் சிறு துண்டுகளாக நறுக்குகிறது. ஒரு துண்டில் 2048 எண்கள் என்று வைத்துக்கொண்டால் அது சுமார் 46 மில்லிநொடி. ஒவ்வொரு துண்டையும் அதிர்வெண்களாகப் பிரிக்கிறது. ஏறத்தாழ 21 ஹெர்ட்ஸ் இடைவெளியில் ஆயிரத்துச் சொச்சம் அறைகள். யாரும் பேசாத ஓரிடத்தை நாம் காட்டிக்கொடுத்தால், அங்கே ஒவ்வோர் அறையிலும் எவ்வளவு சத்தம் இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறது. பிறகு பதிவு முழுவதும் நடந்து, அந்த அளவைத் தாண்டாத அறைகளை எல்லாம் அடைத்துவிடுகிறது. உரத்த உயிரொலிகள் தப்பும். மூச்சு, முணுமுணுப்பு, ‘ச’கரத்தின் உரசல் எல்லாம் அமைப்பிலேயே இரைச்சலை ஒத்தவை. அவை அகப்பட்டுக்கொள்ளும்.

இதில் ஒவ்வொரு படியிலும் ஒரு தீர்மானம் இருக்கிறது. துண்டின் நீளம் எவ்வளவு? நீளம் கூடினால் அதிர்வெண் தெளிவாகும், காலம் கலங்கும். குறைந்தால் காலம் தெளிவாகும், அதிர்வெண் கலங்கும். இரண்டையும் ஒருசேரக் கூர்மையாக்க முடியாது என்பதை டென்னிஸ் காபர் 1946-ல் கணிதமாகவே எழுதிக் காட்டினார். அரை மாத்திரை, கால் மாத்திரை என்று ஒலியின் ஆயுளை அளந்த இலக்கணக்காரர்களின் மொழி நம்முடையது. கேட்டவுடன் நமக்கு இது புரியும். அறையை அடைக்கும் எல்லையை எங்கே வைப்பது? முற்றிலும் அடைப்பதா, சற்றே தணிப்பதா? எவ்வளவு வேகத்தில் திறப்பது? இத்தனை கேள்விகளுக்கும் எங்கள் நண்பர் சார்பில் யாரோ ஏற்கெனவே பதில் சொல்லிவைத்திருந்தார்கள். அதற்கு ‘முன்னமைவு’ என்று பெயர். முன்னமைவு என்பது ஒருவருடைய கருத்து. அவர் தீயவர் அல்லர். எந்த மொழியின் ஒலியை, எந்த அறையில், எந்தக் காதால் கேட்டுச் சோதித்து அந்த எண்ணை வைத்தாரோ, அதுவரைக்கும் அது சரியாகவே இருந்திருக்கும்.

*

கருவிகளைச் செய்யும் கருவிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. நம் பொதுவெளியில் அது அதிகம் பேசப்படுவதில்லை.

1957-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் மாத்யூஸ் என்ற பொறியாளர் ‘மியூசிக்’ என்ற நிரலை எழுதினார். நியூயார்க்கில் இருந்த ஐ.பி.எம். 704 கணினியில் எண்களைக் கணக்கிட்டு, காந்த நாடாவில் ஏற்றி, அந்த நாடாவை நியூஜெர்சிக்கு எடுத்துச் சென்று ஒலியாக மாற்ற வேண்டியிருந்தது. முதலில் வெளிவந்தது 17 நொடி இசை. கேட்பதற்கு அது ஒன்றும் பிரமாதமாக இல்லை. ஆனால் மாத்யூஸ் அடுத்து எடுத்த அடி பெரியது. 1960 வாக்கில், அந்நிரலின் மூன்றாம் பதிப்பில், ஒலியை உண்டாக்குவது, கூட்டுவது, பெருக்குவது, வடிகட்டுவது ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு அலகாக்கினார். இசையமைப்பாளர் அந்த அலகுகளைத் தாமே கோத்துத் தமக்கு வேண்டிய வாத்தியத்தை உருவாக்கிக்கொள்ளலாம். முடிந்த வாத்தியம் ஒன்றைக் கையில் கொடுக்காமல், வாத்தியம் செய்வதற்கான மொழியைக் கொடுத்தார். எழுத்துகளைக் கொடுத்துவிட்டு, சொற்களை நீயே ஆக்கிக்கொள் என்பதுபோல.

அதே கூடத்தில் 1961-ல் கெல்லி, லாக்பாம், விசாட்ஸ்கி ஆகிய மூவர் கட்டப்பட மொழி ஒன்றை வெளியிட்டார்கள். பொறியாளர்கள் காகிதத்தில் பெட்டிகளும் அம்புகளுமாக வரைவதைக் கணினி நிரலாக மாற்றித் தருவது அது. நிரல் எழுதத் தெரியாதவர்களும் தங்கள் சுற்றுகளைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. இன்று புழக்கத்திலுள்ள சமிக்ஞைக் கருவிகள் பலவும் இந்த இரண்டு எண்ணங்களின் வழிவந்தவை. பாரிஸின் இர்காம் நிறுவனத்தில் எண்பதுகளில் மில்லர் பக்கெட் உருவாக்கிய கருவி, மாத்யூஸின் நினைவாக ‘மாக்ஸ்’ என்றே பெயர் பெற்றது. திரையில் பெட்டிகளை வைத்துக் கோடிழுத்து இணைத்தால் ஒலி ஓடும். அது வணிகப் பண்டமானபின், தொண்ணூறுகளின் நடுவில் அதே பக்கெட், யாவரும் திறந்து பார்க்கவும் திருத்தவும் கூடிய ‘ப்யூர் டேட்டா’வை எழுதினார். ஒரே கை எழுதிய இரண்டு பிரதிகள். ஒன்று விற்பனைக்கு, மற்றது பொதுவுக்கு. வரலாற்றில் இது அபூர்வம்.

பொறியியல் பக்கத்திலும் இதே கிளை பிரிந்தது. எழுபதுகளின் இறுதியில் கிளீவ் மோலர் என்ற கணிதப் பேராசிரியர், தம் மாணவர்கள் ஃபோர்ட்ரான் மொழியோடு மல்லுக்கட்டாமல் அணிக்கோவைக் கணக்குகளைச் செய்யட்டும் என்று ஒரு கருவியை எழுதினார். அதுதான் மாட்லாப். 1984-ல் அது ஒரு நிறுவனத்தின் பண்டமாயிற்று. இன்று உலகெங்கும் சமிக்ஞைச் செயலாக்கம் கற்கும் மாணவன் பெரும்பாலும் முதலில் தொடுவது இதைத்தான். 1992-ல் ஜான் ஈட்டன் எழுதத் தொடங்கிய ஆக்டேவ், ஏறக்குறைய அதே மொழியைப் பேசும் கட்டற்ற மென்பொருள். பெயரைப் பார்த்து ஸ்தாயியோடு தொடர்புடையது என்று நாங்களும் நெடுநாள் நினைத்திருந்தோம். அது ஒரு வேதிப்பொறியியல் பேராசிரியரின் பெயராம். 2001 முதல் பைத்தான் மொழியில் சைபை, வானொலி அலைகளுக்கு குனூ ரேடியோ. 2002-ல் பிரான்சின் லியோன் நகரத்திலிருந்து ஃபாஸ்ட். ஒலிச் செயலாக்கத்தைக் கணிதச் சார்புகளாக ஓரிரு வரியில் எழுதினால், அதிலிருந்து விரைவாக ஓடும் நிரலையும், கட்டப்படத்தையும், அதன் கணிதச் சமன்பாடுகளையும்கூட எழுதித் தந்துவிடும் மொழி அது. மேலே சொன்ன கூட்டி வகுக்கும் வடிகட்டியை ஃபாஸ்டில் எழுத ஒரு வரி போதும். அந்த வரி படிப்பதற்கும் ஏறக்குறைய நாம் சொன்ன வாக்கியம் மாதிரியே இருக்கும்.

*

எங்கள் தரப்பை இனி நேராகவே சொல்லிவிடுகிறோம். ஒலியை மாற்றும் கருவி, வாசிக்கத் தக்க பிரதியாக இருக்க வேண்டும். அதைக்கொண்டு செய்த ஒவ்வொரு மாற்றமும் எழுத்தில் நிற்க வேண்டும். பொத்தானை அழுத்திச் செய்த திருத்தம், பாடபேதம் குறிக்காத பதிப்புக்குச் சமம். ஏட்டில் செல்லரித்த இடத்தைத் தம் ஊகத்தால் நிரப்பிவிட்டு, ஊகம் என்று சொல்லாமல் அச்சிடும் பதிப்பாசிரியரை நாம் மன்னிப்பதில்லை. ஒலிக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் நியாயம் இருக்கிறது. விலைகொடுத்து வாங்கும் கருவிகளுக்குப் பின்னால் பல்லாண்டுச் சோதனை இருக்கிறது. அவற்றின் விளக்கக் கையேடுகள் அருமையானவை. மருத்துவக் கருவியோ விமானமோ செய்கிற பொறியாளர், பிழை வந்தால் கேட்பதற்கு ஒரு முகவரி வேண்டும் என்று நினைப்பதில் தவறில்லை. கட்டற்ற மென்பொருள் என்றாலே தேவலோகத்துப் பாரிஜாதம் என்று நாங்கள் சொல்லவரவில்லை. எங்கள் எழுத்தாளரின் ‘இல்லை’யை விழுங்கிய மென்பொருளும் மூலநிரலைத் திறந்துவைத்திருந்ததுதான். திறந்திருந்தும் நாங்கள் படிக்கவில்லை.

படிக்காத பிரதி என்ன ஆகும் என்பதற்கு இத்துறையிலேயே ஒரு கதை உண்டு. ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கை நேரடியாகச் செய்தால், 1024 எண்களுக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பெருக்கல்கள் வேண்டும். கூலி, டூக்கி இருவரும் 1965-ல் வெளியிட்ட உபாயத்தில் அது சுமார் ஐயாயிரமாகச் சுருங்கியது. இன்று நம் கைப்பேசி பேசுவதும் கேட்பதும் அந்தச் சிக்கனத்தால்தான். பின்னர் தேடிப்பார்த்தால், கார்ல் ஃபிரீட்ரிக் காஸ் இதே உபாயத்தை 1805 வாக்கிலேயே எழுதிவைத்திருந்தார். அவர் மறைந்தபின் 1866-ல் அச்சிலும் வந்துவிட்டது, லத்தீனில். நூறாண்டுக் காலம் அது நூலகத்தில் திறந்தே கிடந்தது. ஆகவே திறந்திருத்தல் பாதிதான்; வாசிப்பவன் வந்தால்தான் மீதி. ஆனால் மூடியிருந்தால் வாசகன் வந்தும் பயனில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூடிய கருவிக்கு இன்னொரு குணம் உண்டு. அது கொடுத்தவர் கைக்குத் திரும்பிப் போகக்கூடியது. 2020 ஜூன் மாதத்தில் சீனாவின் ஹார்பின் நகரத்திலுள்ள இரண்டு பல்கலைக்கழகங்கள் மாட்லாபைப் பயன்படுத்தும் உரிமையை இழந்தன. அமெரிக்க அரசின் தடைப்பட்டியலில் அவற்றின் பெயர் சேர்ந்ததே காரணம். அந்தத் தடையின் அரசியல் நியாயத்துக்குள் நாம் போகவில்லை. அங்கே படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவனின் நிலையை மட்டும் எண்ணிப் பார்க்கிறோம். நேற்றுவரை அவன் யோசித்த மொழி இன்று அவனுக்கு இல்லை. பேனாவைப் பிடுங்கினால் வேறு பேனா வாங்கலாம். இங்கே பிடுங்கப்பட்டது எழுத்து. ஆக்டேவையோ சைபையையோ அப்படி யாரும் திரும்ப வாங்கிக்கொண்டு போக முடியாது. ஒருமுறை பிரதி கையில் வந்துவிட்டால் அது நம்முடையது.

மூன்றாவது, ஆயுள். பியர் பூலேஸின் ‘ரெபோன்’ 1981-ல் அரங்கேறியபோது இர்காமில் உருவான 4எக்ஸ் என்ற பிரத்தியேக இயந்திரத்தைச் சார்ந்திருந்தது. இயந்திரத்தின் காலம் முடிந்ததும் அந்தப் படைப்பை வேறு கணினிகளுக்குப் பெயர்த்தெடுக்க வேண்டியதாயிற்று; பெரிய நிறுவனம், பெரிய பெயர் என்பதால் அது நடந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு காட்சியை வைத்துப் பார்ப்போம். ழான் கிளோத் ரிஸே 1969-ல் பெல் கூடத்தில், தாம் கணினியில் உருவாக்கிய ஒலிகளின் பட்டியலை, ஒவ்வொன்றையும் உண்டாக்குவதற்கான நிரல்வரிகளோடும் விளக்கத்தோடும் தொகுத்தார். அந்த வரிகள் ஓடிய கணினிகள் இன்று இல்லை. ஆனால் வரிகள் காகிதத்தில் இருந்தன. மாத்யூஸின் வழிவந்த ‘சிசவுண்ட்’ என்ற மொழியை பேரி வெர்கோ 1986-ல் எம்.ஐ.டி.யில் உருவாக்கியபின், அந்தப் பட்டியலின் ஒலிகளை அதிலே மறுபடி எழுதி ஒலிக்கச் செய்தார்கள். இயந்திரம் செத்தது, பிரதி பிழைத்தது. ஏடு மக்குவதற்குள் படியெடுத்தவர்களால் தன் நூல்களைக் காப்பாற்றிக்கொண்ட மொழிக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

*

இதெல்லாம் ஒலியைச் சுத்தம் செய்வதோடு நிற்பதில்லை. இசையை அளக்கும் கருவிகளிலும் இதே கதைதான். ஆண்டி ஹில்டிபிராண்ட், எண்ணெய் தேடுவோருக்காக நிலஅதிர்வுத் தரவுகளை ஆராய்ந்தவர். அந்தக் கணிதத்தைப் பாடகர் குரலுக்குத் திருப்பி 1997-ல் ஆட்டோ டியூனை உருவாக்கினார். பாடும் சுருதி விலகினால், தேர்ந்தெடுத்த சுரவரிசையில் பக்கத்திலிருக்கும் சுரத்துக்கு அது இழுத்துவிடும். மேற்கத்திய இசைக்குக் கச்சிதம். ஆனால் தோடியின் காந்தாரம் எங்கே நிற்கிறது? அது நிற்பதே இல்லை. அசைவதுதான் அதன் இருப்பு. பியானோவின் கட்டைகளை மனத்தில் வைத்து எண்ணிட்ட ஒரு கருவி, கமகத்தைச் சுரப்பிழை என்றே படிக்கும்.

அதைச் சரிசெய்யவும் முடியும் என்பதைக் காட்டிய முயற்சி ஒன்று உண்டு. பார்சிலோனாவின் போம்பெயூ ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011-ல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டம், கர்நாடக இசையையும் இந்துஸ்தானியையும் துருக்கிய, சீன, அரபு-அந்தலூசிய மரபுகளையும் அவற்றின் சொந்த இலக்கணத்தால் அளக்க முனைந்தது. சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் பங்கெடுத்தது. அதே பல்கலைக்கழகத்தின் எசென்ஷியா என்ற நிரல்தொகுப்பு 2013-ல் பொதுவுக்குத் திறக்கப்பட்டது. இந்திய இசைப் பதிவில் பாடகரின் ஆதார சட்ஜம் எது என்று கண்டறியும் நிரல் ஒன்றும் அதில் இருக்கிறது. மேற்கத்திய கருவிக்கு அந்தக் கேள்வியே எழாது. நம் சங்கீதத்தில் அது தெரியாமல் அடுத்த அடி வைக்க முடியாது. கருவியைத் திறந்து அதற்குள் நம் கேள்வியை எழுதிவைக்க முடிந்ததால்தான் இது நடந்தது. புலம்புவதற்கும் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஆகவே, பொதுப்பணத்தில் ஒலி ஆவணங்களைச் சேகரிப்போருக்கும், எங்களைப்போல் வீட்டு மேசையில் செய்வோருக்கும் எங்கள் கோரிக்கை சிறியது. நாடாவிலிருந்து இறங்கிய முதல் பதிவில், மின்விசிறியும் இருமலும் உள்பட, எதையும் தொடாமல் அப்படியே வையுங்கள். செய்த திருத்தங்களை நிரலாக எழுதி, அந்த நிரலைக் கோப்போடு சேர்த்து வையுங்கள். நாளை வருகிறவன் வேறு எண்களை இட்டு மறுபடி கேட்கட்டும். கல்லூரிகளில் பாடம் நடத்துவோரிடமும் ஒன்று கேட்கிறோம். மாணவர்கள் பொத்தானை அழுத்துவதற்கு முன், அந்தக் கூட்டி வகுக்கும் வடிகட்டியையாவது தங்கள் கையால் ஒருமுறை எழுதட்டும். எந்த மொழியில் எழுதினாலும் சரி.

எங்கள் கதைக்குத் திரும்புகிறோம். குழுவில் நிரல் எழுதத் தெரிந்த நண்பர் ஒருவர், பைத்தானில் நாற்பது வரிக்குள் எங்களுக்கென்று ஓர் இரைச்சல் நீக்கியை எழுதினார். நறுக்குவது, பிரிப்பது, ஒப்பிடுவது, தணிப்பது, மறுபடி ஒட்டுவது, அவ்வளவுதான். அறைகளை அடைக்காமல் தணிக்க மட்டுமே செய்தோம். வாக்கிய இறுதிகளில் எல்லையைத் தாழ்த்தி, ஒவ்வோர் எண்ணையும் காதால் கேட்டு முடிவு செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று. இப்போது மின்விசிறி கேட்கிறது. அவருடைய மூச்சும் கேட்கிறது. ‘இல்ல’ என்பதும் கேட்கிறது.

பெரியவருக்கு மறுபடி போட்டுக் காட்டினோம். ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடம் வந்தபோது தலையை மட்டும் ஆட்டினார்.

எழுத்துவடிவத்தில் மூன்று புள்ளிகளை நீக்கிச் சொல்லைச் சேர்த்துவிட்டோம். புள்ளிகளைச் சிலாகித்து எழுதிய பத்தியை எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, அதை எழுதிய நண்பர் சம்மதிக்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும், கீழே எந்த மென்பொருளின் பெருந்தன்மையால் எழுதப்பட்டது என்று ஒரு வரி மட்டும் சேர்த்துவிடுங்கள் என்றார். சேர்த்திருக்கிறோம்.